தலையில்லாத ஆறு பேர்

கண்ணாடிக்குள் வரிசையாக நிறுத்திய பிளாஸ்டிக் வீரர்களைக் கண்டால் இன்றைக்கும் எனக்குக் குமட்டுகிறது. என் மகன் அப்படி ஒரு வரிசை வைத்திருக்கிறான். சிலதைப் பெட்டியிலிருந்து பிரிக்கக்கூட இல்லை. தூசி தட்டுகிறான், கூட்டாளிமாரைக் கூட்டி வந்து காட்டுகிறான். நான் அந்த அறைப் பக்கமே போவதில்லை. கேட்டால் தும்மல் வருகிறது என்று சொல்லித் தப்பிக்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் கல்முனையில் எங்கள் வீட்டுக்குக் கிட்ட ஒரு தையற்கடை இருந்தது. அங்கே காமிக்ஸ் வாடகைக்குக் கிடைக்கும். இந்தியாவில் அச்சடித்தவை. கொழும்பு வழியாகப் பல கை மாறி எங்களிடம் வந்து சேரும்போது அட்டை இருக்காது. கடைக்காரர் சீமெந்துப் பேப்பரை வெட்டி, மெஷினில் வைத்து ஒரு தையல் ஓட்டிவிடுவார். உள்ளே எல்லாம் கறுப்பு வெள்ளை. எச்சில் தொட்டுப் புரட்டிய விரல்களின் அழுக்கு மூலைகளில் படிந்திருக்கும். சண்டைக் காட்சிக்கு நடுவே யாரோ அடித்த நுளம்பு ஒன்று, குடித்த இரத்தத்தோடு காய்ந்து கிடக்கும். அந்த அசிங்கத்தைத்தான் மூக்கோடு ஒட்டி வைத்துக்கொண்டு வாசித்தோம்.

அரை முகமூடி போட்ட வீரன் ஒருவன் என் ஆள். பாண்டிருப்பிலிருந்து சைக்கிளில் வரும் என் வகுப்புக் கூட்டாளிக்கும் அவன்தான் எல்லாம். மற்ற வீரர்களின் கட்சிக்காரர்களோடு நாங்கள் கதைப்பதில்லை. ஒருமுறை கடற்கரையில், எங்கள் ஆளைக் கோழை என்று சொன்னவனின் பல்லை உடைத்தோம். எங்கள் ஆளைப் பற்றி எங்களுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தோம்.

என் மூத்த சகோதரி ராத்தாவின் மாப்பிள்ளை, என் மச்சான், அப்போது சவூதியில் வேலை செய்தார். எங்கள் பக்கத்து வழக்கப்படி வீடு பெண்ணுக்குத்தான் போகும். வாப்பா கட்டிய கல்வீடு ராத்தாவுக்குப் போக, நாங்கள் பின்பாதியில் ஒதுங்கிக்கொண்டோம். முன்மண்டபத்தில் ஒரு கண்ணாடி அலுமாரி. மச்சான் அனுப்பிய கோப்பைகள், பூச்சாடிகள், ஓடாத மணிக்கூடு எல்லாம் அதற்குள் இருந்தன. அந்தக் கோப்பைகளில் ஒருநாளும் யாரும் தேத்தண்ணி குடித்ததில்லை. வருகிறவர்கள் பார்ப்பதற்கு மட்டும்தான்.

மச்சானுக்கு உம்மாவும் ராத்தாவும் கடிதத்துக்குப் பதிலாகக் கெசட்டில் கதைத்துப் பதிந்து அனுப்புவார்கள். ஒரு கெசட்டின் கடைசியில் நானும் வாயை வைத்து, அரை முகமூடிக்காரனின் உருவம் ஒன்று வேண்டும் என்று கெஞ்சினேன். ஊர் வந்த ஒருவர் கையில் மச்சான் பார்சல் கொடுத்துவிட்டார். யார் அரை முகமூடிக்காரன் என்று அவருக்கு என்ன தெரியும்? கடையில் இருந்த ஆறு பேரையும் வாங்கி அனுப்பியிருந்தார்.

பார்சல் வந்த நேரம் நான் பள்ளிக்கூடத்தில். திரும்பி வந்து வாசலில் கால் வைத்ததுமே பிளாஸ்டிக் எரிகிற நாற்றம். குசினியில் உம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். உருவம் இருக்கிற வீட்டுக்கு இறையருள் கொண்டுவரும் வானவர், ரஹ்மத்துடைய மலக்கு, வராது என்று அவர் பதறியிருக்கிறார். வாப்பா லுஹர் தொழுகைக்குப் போன இடத்தில் பள்ளிவாசல் லெப்பையிடம் கேட்டிருக்கிறார். தலை இல்லாவிட்டால் அது உருவமில்லை, குற்றமில்லை என்று அவர் சொல்லிவிட்டார். வாப்பா வந்து, பாக்குவெட்டியை எடுத்து, ஆறு தலைகளையும் நறுக்கித் தள்ளிவிட்டார். தலைகள் தேங்காய்த் தும்போடு சேர்ந்து அடுப்புக்குள் போயின. அன்றைக்குச் சோற்றுக்கு ஊற்றிய மீன் ஆணம் முழுக்க அந்த நாற்றம்தான்.

ஆறு முண்டங்களும் கண்ணாடி அலுமாரிக்குள் கோப்பைகளுக்கு முன்னால் நின்றன. மலக்குக்குப் பயம் என்றால் மொத்தமாகக் கடலில் எறிந்திருக்கலாம். அதில் எனக்குக் கோபம் வந்திருக்காது. ஆனால் சவூதிச் சாமானாயிற்றே. மாவடிப்பள்ளியிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் அதன் முன்னால் நின்று மாஷா அல்லாஹ் சொன்னார்கள். தலை எங்கே என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. ஒரு மாமி மட்டும் உற்றுப் பார்த்துவிட்டு, "அங்க மார்க்கப்படிதான் பொம்மையும் செய்வாங்க போல" என்றார். ராத்தா பெருமையோடு தலையாட்டினாள். இப்படியும் மனிதர்களா என்று இருந்தது எனக்கு.

நான் சோறு தின்ன மறுத்தேன். யாரோடும் கதைக்கவில்லை. உம்மா அழுதார், ராத்தா ஏசினாள். கடைசியில் வாப்பாதான் இறங்கி வந்தார். ஒரு பின்னேரம், என் கூட்டாளி வந்திருந்த நேரம் பார்த்து, அலுமாரியைத் திறந்துவிட்டார்.

"ஒண்டு எடு மகன். உன்ட ஆள் எது?"

நான் கையை நீட்டினேன். நீட்டிய கை அப்படியே நின்றது.

நீலம், சிவப்பு, பச்சை, இன்னும் என்னென்னவோ. எல்லாருக்கும் ஒரே புடைத்த நெஞ்சு, ஒரே இடுப்புப் பட்டி. எங்கள் புத்தகங்களில் அவன் எப்போதும் கறுப்பு மைதான். அவன் உடுப்பு என்ன நிறம் என்று நான் அறிந்ததே இல்லை. நெஞ்சில் ஏதோ சின்னம் இருந்தது உண்மை. எங்கள் தாளில் அது வெறும் மைத்திட்டு. முகமூடியை வைத்துத்தான் அவனை அறிந்திருந்தேன். அது அடுப்புச் சாம்பலாகிப் போயிருந்தது.

நீலத்தைத் தொட்டு, இதுதான் என்றேன். கூட்டாளி என் கையைத் தட்டிவிட்டு, இல்லை, பச்சைதான் என்றான். நான் சத்தியம் செய்தேன், அவனும் செய்தான். அவன் முகத்தைப் பார்த்தபோதுதான் அவனுக்கும் தெரியாது என்று விளங்கியது.

வாப்பா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தலை இல்லாட்டி உங்களுக்கே ஆரெண்டு தெரியா. இவனுக்காகவா நீ சோறு தின்னாமக் கிடந்த?"

நக்கலாகச் சொல்லவில்லை. மெய்யாகவே கேட்டார். மாமியை நினைத்து இத்தனை நாளும் காறித் துப்பாத குறையாக இருந்தேன். இப்போது எனக்கே என்னைப் பிடிக்கவில்லை. கூட்டாளி சொல்லாமல் கொள்ளாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். வாப்பா அலுமாரியைத் திறந்தபடியே விட்டுவிட்டு அஸர் தொழுகைக்குப் புறப்பட்டார்.

நான் ஒன்றையும் எடுக்கவில்லை. கதவை நானே சாத்தினேன். பிறகு குசினிக்குப் போய், உம்மா மூடி வைத்திருந்த சோற்றை எடுத்துத் தின்றேன்.