முடி இறக்க மறுத்தவர்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு வைகாசி மாதத்தில் நடந்தது. வளைகுடா நாட்டில் வேலை செய்யும் நான், மகளுக்கு முடி இறக்குவதற்காகவே லீவு போட்டு வந்திருந்தேன். எங்கள் குலதெய்வக் கோயில் குன்றாண்டார்கோவில் பக்கம். சொந்தக்காரர்கள் இரண்டு வேனில் வந்து இறங்கிவிட்டார்கள். அடுத்த வாரம் எனக்கு ஃப்ளைட்.

மகளுக்கு அப்போது பதினோரு மாதம். மூன்றாம் மாதத்திலிருந்தே கன்னமும் தலையும் சிவந்து சொரசொரப்பாகி, சொறிந்துகொண்டே இருப்பாள். கரப்பான்தான், வளர வளரப் போய்விடும் என்றார்கள். வேப்பிலை அரைத்துப் பூசினோம். மெடிக்கலில் கேட்டு ஏதோ ஒரு ட்யூபும் வாங்கித் தடவினோம். தாய்ப்பால் கொடுக்கிறவள் என்பதால் என் மனைவி மீன், முட்டை, கத்திரிக்காய் எல்லாவற்றையும் விட்டுவிட்டாள். டாக்டரிடம் மட்டும் காட்டவில்லை. முடியை எடுத்துவிட்டால் தலைப்புண் ஆறிவிடும் என்று நானும் நம்பினேன்.

முடி எடுக்க வந்தவருக்கு முப்பது வயதுகூட இருக்காது. என் மைத்துனர் மடியில் குழந்தையை வைத்ததும், தண்ணீரைத் தொட்டவர் அப்படியே நிறுத்திவிட்டார். முடியை விலக்கி விலக்கிப் பார்த்தார்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. இன்னைக்கு இந்தப் புள்ள தலையில நான் கத்தி வைக்க மாட்டேன்."

எனக்குச் சுருக்கென்றது. வேறு ஆளைக் கூப்பிடுகிறேன் என்று சத்தம் போட்டேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை. இரண்டு கைகளையும் என் முன்னால் விரித்தார். விரலெல்லாம் தடித்து, வெடித்து ஆறிய தழும்புகள். தனக்கும் இதே கரப்பான்தான், டாக்டர்கள் எக்ஸிமா என்பார்கள், எந்நேரமும் சோப்பு நுரையிலும் தண்ணீரிலும் கை ஊறுகிற வேலையால் வந்தது என்றார்.

நான் பதறிப்போய்க் குழந்தையைப் பறித்துக்கொண்டேன். "இந்தக் கையை வச்சுக்கிட்டா புள்ளைகளைத் தொடுறே?" என்று கேட்டேன். அவரிடம் முடி இறக்கக் காத்திருந்த குடும்பம் ஒன்று மெதுவாக எழுந்து அங்கிட்டுப் போய்விட்டது. அவரும் அதைப் பார்த்தார்.

"இது யாருக்கும் ஒட்டாதுண்ணே. புள்ளைக்குக் காதுக்குப் பின்னால மஞ்சளாப் பொருக்கு கட்டி நீர் வடியுது, பாருங்க. புண்ணுல கிருமி சேந்தா இப்புடித்தான் இருக்கும்னு எங்க டாக்டர் சொல்லியிருக்காங்க. ஒடம்பும் சுடுது. ஆஸ்பத்திரிக்குக் கெளம்புங்க."

என் மனைவி குழந்தையை வாங்கிக்கொண்டு வேனில் ஏறிவிட்டாள்.

புதுக்கோட்டையில் ஆஸ்பத்திரியில் நான்கு நாள் வைத்திருந்தார்கள். கத்தி பட்டிருந்தால் கிருமி இன்னும் பரவியிருக்கும் என்றார் டாக்டர். கிருமிக்குத் தனியாக மருந்து கொடுத்தார். பேர் தெரியாத அந்த ட்யூபைத் தூக்கிப் போடச் சொன்னார். வெதுவெதுப்பான தண்ணீரில் சீக்கிரம் குளிப்பாட்டி, ஈரம் காயும் முன்பே மாய்ஸ்சரைசர் தடவ வேண்டும்; மாய்ஸ்சரைசரை ஒரு நாளைக்குப் பலமுறை தடவ வேண்டும்; அவர் எழுதிக் கொடுத்த களிம்பைச் சொன்ன அளவில், சொன்ன நாட்களுக்கு மட்டும் போட வேண்டும். என் மனைவி பத்தியம் இருக்கத் தேவையில்லை என்றதும் அவள் அழுதே விட்டாள்.

ஃப்ளைட்டுக்கு முந்தின நாள், முடி இறக்க மறுத்த அவரைத் தேடிக் கோயிலுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க வாயெடுக்கும் முன்பே, "புள்ள சொறியாமத் தூங்குதாண்ணே?" என்று கேட்டார். தூங்குகிறாள் என்று தலையை ஆட்டினேன். அடுத்த வருடம் அவர்தான் முடி இறக்கினார்.

அன்று எதுவும் சொல்லாமல் அவர் தன் வேலையை முடித்துவிட்டுப் போயிருக்கலாம். முன்பின் தெரியாத ஒரு குழந்தைக்காகத் தன் பிழைப்பையே பணயம் வைத்துப் பேசிய அந்தத் தம்பியின் இடத்தில் நான் இருந்திருந்தால் வாய் திறந்திருப்பேனா என்று இன்றும் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.