பின் சீட்டில் இடம் இல்லாத கார்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குமணன்சாவடியில், பட்டப்பகலில், ஒரு காருக்குள்ளிருந்து என்னை மூன்று பேர் சேர்ந்து உருவி எடுத்தார்கள்.

விபத்தெல்லாம் இல்லை. கார் ஷெட்டுக்குள் சும்மா நின்றுகொண்டுதான் இருந்தது. நானாகத்தான் ஏறினேன்... இறங்கத்தான் முடியவில்லை. ஒருவர் கையைப் பிடித்தார், ஒருவர் இடுப்பைப் பிடித்தார், மூன்றாமவர் "மூச்சை உள்ள இழுங்க சார்" என்று யோசனை சொன்னார். நான் வெளியே வந்து விழுந்தேன். என் இடது கால் செருப்பு உள்ளேயே தங்கிவிட்டது.

இதைப் பார்த்துக்கொண்டிருந்த என் நண்பன் சேவியர் முகத்தில் அப்படி ஓர் ஆனந்தம்.

"இதான்டா வண்டி" என்றான்.

ஏன் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

சேவியரும் நானும் ஒரே வருஷம் பள்ளிக்கூடத்தை விட்டவர்கள். எட்டாங்கிளாஸ். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரே பட்டறையில் ஒரே லேத் மிஷினை ஆளுக்கொரு பக்கம் துடைத்தவர்கள். அவன் அங்கேயே நின்று தொழில் கற்றான், சொந்த ஷெட் போட்டான், அது ரெண்டு ஷெட் ஆனது. இன்றைக்கு அவன் செய்கிற ஸ்பிரிங்குகள் கப்பல் ஏறுகின்றன. எனக்கு மிஷினைக் கண்டாலே பயம். விரல் போய்விட்டால்? கண்ணில் இரும்புச் சுருள் தெறித்தால்? கடைசியில், யார் விரலும் போகாத தொழிலாக இருக்கட்டும் என்று எழுத வந்துவிட்டேன்.

ஆவடி சேக்காட்டில் எங்களுக்கு எதிரெதிர் வீடு. சேவியரிடம் பதினோரு வருஷமாக ஓர் அம்பாசடர் இருக்கிறது. எங்கள் தெருவுக்கு அது ஒன்றுதான் கார். தெருவில் ஒரே கார் என்றால் அது யாருடைய கார்? ஆர்.சி. புத்தகத்தில் சேவியர் பெயர் இருக்கும், அவ்வளவுதான்.

அந்தக் காரில் போகாத பொருள் இல்லை. தையல் மிஷின் போயிருக்கிறது. வாழைத்தார் போயிருக்கிறது. கல்யாணத்துக்கு ஏற்றிப்போன மாப்பிள்ளை கோபித்துக்கொண்டபோது, அவரைத் திருப்பி ஏற்றி வந்ததும் அதே கார்தான். அதன் பின் சீட்டில் இரண்டு குழந்தைகள் பிறந்திருக்கின்றன. ஒன்றுக்கு சேவியர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். இன்னொன்று பெண்ணாகப் போய்த் தப்பித்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும்போது அது கார் இல்லை, பஸ். சேவியர் ஓட்டுவான். பக்கத்தில் நான். பதினோரு வருஷமாக அந்த முன் சீட்டு எனக்குத்தான். பின்னால் எங்கள் இருவர் வீட்டுப் பெண்கள், அவர்கள் மடியில் தெருப் பிள்ளைகள். திரும்பும்போது சில வாரம் ஃபாதரும் ஏறிக்கொள்வார்.

இந்த நிலையில்தான், ஒரு நாள் காலை டீ குடிக்கும்போது சேவியர் குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"மச்சான், புது வண்டி எடுக்கப் போறேன். ஃபாரின் வண்டி. ஸ்போர்ட்ஸ் மாடல். ரெண்டே கதவு."

"ரெண்டு கதவா? பின்னாடி ஏர்றவங்க எப்படி ஏறுவாங்க?"

"ஏறக் கூடாதுன்னுதான்டா எடுக்கறேன்."

டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவனையே பார்த்தேன்.

"இன்னாடா பாக்கற? சைக்கிள் வெச்சிருந்தேன், கேரியர்ல ஒருத்தன். மொபெட் வாங்குனேன், பின்னாடி ரெண்டு பேரு. காரு வாங்குனேன், தெருவே ஏறிக்கிச்சி. ஐம்பத்தோரு வயசு ஆவுது மச்சான். ஒரு நாளாவது நான் மட்டும் தனியா ஒரு வண்டில போணும். எவனும் கை காட்டக் கூடாது. ஏசுவே வந்து கை காட்டினாலும், சாமி மன்னிச்சுக்கோ, எடமில்லன்னு சொல்லணும். குமணன்சாவடில ரெண்டு வண்டி நிக்குதாம். எது எடுக்கலாம்னு பாக்கணும். நீயும் வா. நீதான் அதுக்குக் கரெக்ட்டான ஆளு."

அன்று முழுக்க எனக்கு ஒரே யோசனை. எவனும் ஏறக் கூடாது என்கிறான். அந்த எவனில் நான் இருக்கிறேனா, இல்லையா? முகத்துக்கு நேரே சொல்ல முடியாமல்தான் கூட்டிப்போய்க் காட்டுகிறானா?

என் மனைவி பிலோமினாவிடம் சொன்னேன்.

"உங்கள எதுக்குக் கூப்பிட்றாரு?"

"அபிப்பிராயம் கேக்கத்தான்."

"உங்க அபிப்பிராயத்த நம்ம ஊட்லயே யாரும் கேக்கறதில்லியே" என்றாள். ஆறுதலுக்கு நான் எப்போதும் அவளிடம்தான் போவேன்.

குமணன்சாவடியில் பாஸ்கர் என்று ஒருவர், டை கட்டியவர், வெளிநாட்டிலிருந்து வந்த பழைய கார்களை ஷெட்டில் நிறுத்தி விற்கிறார். இரண்டு கார்கள் நின்றன. ஒன்று கறுப்பு, ஜெர்மனியில் செய்தது. ஒன்று சிவப்பு, ஜப்பானில் செய்தது. இரண்டும் என் இடுப்பு உயரம்தான். எங்கள் தெருமுனை ஸ்பீடு பிரேக்கரை நினைத்துப் பார்த்தேன். அதைத் தாண்டுவதற்குள் அந்தக் கார்களின் வயிறு கிழிந்துவிடும்.

பாஸ்கர் ஆரம்பித்தார். "சார், இது ஆறே செகண்ட்ல நூறு கிலோமீட்டர் ஸ்பீடு எடுக்கும்."

"அண்ணனூர்ல ரயில்வே கேட்டு போட்டா?" என்றான் சேவியர்.

"சார்?"

"கேட்டு போட்டா இருவது நிமிஷம் நிக்கணும். உன் ஆறு செகண்ட வெச்சிகினு நான் இன்னா பண்றது? அத்த உடு நைனா. பின் சீட்டு எப்படி?"

பாஸ்கர் முகம் மலர்ந்தது. "கறுப்புல ரொம்ப தாராளம் சார். ஃபேமிலியோட போகலாம்."

சேவியர் முகம் விழுந்தது. "மச்சான், ஏறு."

முன் சீட்டை மடக்கி, தலையை முதலில் விட்டு, ஏறினேன். முட்டி இடிக்கவில்லை. தலை இடிக்கவில்லை. தோல் சீட்டு மெத்தென்று இருந்தது. சொன்னால் நம்பமாட்டீர்கள், எனக்கே கொஞ்ச நேரம் கவலை வரவில்லை. பிறகுதான் பார்த்தேன், பின்னால் கதவே இல்லை. பருத்திப்பட்டு ஏரிக்குள் கார் விழுந்தால் நான் எந்த வழியாக வருவது?

"எப்படிடா கீது?"

"சௌகரியமா கீது."

"இது வேணாம் சார்" என்றான் சேவியர், பாஸ்கரிடம். பாவம், அந்த மனிதர். சௌகரியமாக இருக்கிறது என்பதற்காகக் காரை வேண்டாமென்று சொன்ன முதல் வாடிக்கையாளரை அன்றுதான் பார்த்திருப்பார்.

அப்புறம் சிவப்பு. அதற்குள் நான் ஏறிய கதையும் இறங்கிய கதையும்தான் மேலே சொன்னேன்.

அதாவது, அன்றைக்கு நான் அபிப்பிராயம் சொல்ல வந்த ஆள் இல்லை. அளவுகோல். எண்பத்தெட்டுக் கிலோ எடையுள்ள அளவுகோல். எந்தக் காரில் எனக்கு இடமில்லையோ, அதுதான் நல்ல கார். முப்பத்தைந்து வருஷ சிநேகிதத்துக்கு இதைவிடத் தெளிவாக எப்படிப் பதில் சொல்வது?

"ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துட்டு வரேன். நீ இங்கயே குந்து" என்று சொல்லிவிட்டு, பாஸ்கரைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு சேவியர் கிளம்பினான். என் செருப்போடு.

ஒற்றைச் செருப்போடு ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். கால் மணி ஆனது. அரை மணி ஆனது. முக்கால் மணி ஆனபோது, என் மனசுக்குள் அந்தக் கார் நான்கு முறை கவிழ்ந்து எழுந்துவிட்டது.

ஒரு பஸ் வந்து நின்றது. அதிலிருந்து பாஸ்கர் இறங்கினார். தனியாக. டை தோளுக்குப் பின்னால் போயிருந்தது.

ஸ்டூலிலிருந்து எழுந்தேன். "சேவியர்...?"

"உங்க ஃப்ரெண்டு என்னை நடுரோட்ல எறக்கிவிட்டுட்டார் சார்."

விஷயம் இதுதான். ஆவடி ரோட்டில் ஒரு பஸ் ஸ்டாப்பில் எங்கள் தெரு டைலர் முனுசாமி நின்றிருக்கிறார். ஆஸ்பத்திரியில் காலுக்கு மாவுக்கட்டு போட்டுக்கொண்டு, மனைவி கன்னியம்மா தோளைப் பிடித்தபடி. கார் அவரைத் தாண்டி இருபது அடி போயிருக்கிறது. நின்றிருக்கிறது. பின்னாலேயே வந்திருக்கிறது. "சார், நீங்க பஸ்ல போயிடுங்க, தப்பா எடுத்துக்காதீங்க" என்று சேவியர் சொல்லியிருக்கிறான். கட்டுப் போட்ட காலை மடக்க முடியாதே? கண்ணாடியை இறக்கி, காலை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, டைலர் ஆவடி பக்கம் போயிருக்கிறார். கப்பல் ஏறி வந்த சிவப்புக் கார், வெளியே வெள்ளைக் கால்.

மேலும் அரை மணி கழித்து சேவியர் வந்தான். என் செருப்பைக் கையில் கொடுத்தான். பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தான்.

"கால் தானா பிரேக்ல போச்சுடா" என்றான். ஏதோ கொலை செய்துவிட்டு வந்தவன் மாதிரி.

"கன்னியம்மா எங்க உக்காந்துச்சி?"

"பின்னாடிதான். சர்ருனு பூந்துகிச்சி. அது ஒல்லி இல்ல? உன்ன வெச்சி அளந்தது தப்பு மச்சான். ஒரே சைஸ் பீஸை வெச்சி டெஸ்ட் பண்ணிட்டேன்."

இதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. கேட்டுவிட்டேன்.

"நீ எந்த வண்டிய வேணா எடு. எனக்கு அதுல எடம் கீதா, இல்லையா? அத்த மட்டும் சொல்லிடு. ஒரு வாரமா தூக்கமில்ல."

சேவியர் நிஜமாகவே புரியாமல் என்னைப் பார்த்தான்.

"உனுக்கு இன்னாடா? நான் ஏர்றவனுங்களப் பத்திப் பேசறேன். நீ எங்க ஏறுன? நீ வண்டியோட வந்தவன்டா. ஸ்டெப்னி மாதிரி."

என்னை யாரும் இவ்வளவு உயர்வாகச் சொன்னதில்லை. கண்ணில் ஏதோ தூசு விழுந்தது. குமணன்சாவடியில் தூசுக்கா பஞ்சம்?

சேவியர் எழுந்து பேன்ட்டைத் தட்டிக்கொண்டான். இரண்டு கார்களையும் ஒரு தடவை பார்த்தான். பெருமூச்சு விட்டான்.

"பாஸ்கர் சார், கறுப்பையே எடுத்துக்கறேன். எப்படியும் எவனயாவது ஏத்தத்தான் போறேன். வர்றவன் முட்டி இடிக்காம வரட்டும்."

நானும் அன்றிலிருந்து யோசித்துப் பார்க்கிறேன். சொகுசு என்பது ஆறு செகண்டும் இல்லை, தோல் சீட்டும் இல்லை. பஸ் ஸ்டாப்பில் தெரிந்தவன் நிற்கும்போது நிற்காமல் போக முடிகிறதே, அதுதான் சொகுசு. அதை எந்த நாட்டுக்காரன் செய்து கப்பலில் அனுப்பினாலும் எங்கள் சேக்காட்டுக்கு வந்து சேராது போலிருக்கிறது.

கார் வீட்டுக்கு வந்தது. போன ஞாயிற்றுக்கிழமை முதல் முறையாக அதில் பூசைக்குப் போனோம். ஸ்பீடு பிரேக்கர் வந்ததும் எல்லோரும் இறங்கி, கார் தாண்டியதும் மறுபடி ஏறினோம். கோயில் வாசலில் ஃபாதர் நின்று எண்ணினார். ரெண்டு கதவுக் காரிலிருந்து ஆறு பேர்.

நான் பின்னால் இருந்துதான் இறங்கினேன். முன் சீட்டில் டைலர் முனுசாமி இருந்தார், காலை ஜன்னலுக்கு வெளியே நீட்டியபடி. கட்டுப் பிரிக்க இன்னும் ஒரு மாதம் ஆகுமாம். பிரித்த பிறகும் அவர் அந்த சீட்டை விடுவார் என்று எனக்குத் தோன்றவில்லை.

நான் கவலைப்பட்டது எதுவும் இதுவரை வீணாகப் போனதில்லை.