துரைவீட்டு நாயை விசாரிப்பவர்

கதவை இரண்டு முறை தட்டிவிட்டு, வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு, அறைக்குள் வருகிறார் கருணாகரன். மேல்வரிசைப் பற்கள் மட்டும் தெரிகின்றன. கீழ்வரிசையும் தெரிந்தால் அது இளிப்பு, மேல்வரிசை மட்டும் தெரிந்தால் அது மரியாதை என்பது அவருடைய கட்சி. அறைக்குள் நாற்காலியில் துரையாக வீற்றிருப்பவர் அவர் மனைவி கமலவேணி. துரையின் மடியில் ஒரு கட்டு கங்கோங் கீரை. ஆய்ந்து முடிப்பதற்குள் உலை கொதித்துவிடுமே என்று துரைக்குக் கவலை.

“பாத்தியா தேவதாஸ்? மொகம் மொதல்ல உள்ள வந்துச்சு, காலு பொறகுதான் வந்துச்சு. வேல கேட்டு எங்க போனாலும் மொகம் மொதல்ல, காயிதம் பொறகு. இப்ப நீ வா” என்றார் கருணாகரன்.

தேவதாஸ் வெளியே போய்க் கதவைத் தட்டினார். துரை பழக்கதோஷத்தில் “யாரு?” என்று கேட்டுவிட்டார். “நாந்தாம்மா, தேவதாஸ்” என்று வெளியிலிருந்து பதில் வந்தது. கருணாகரன் தலையில் கை வைத்துக்கொண்டார். இந்தக் கதவு இன்று காலையிலிருந்து இப்படித்தான் அடி வாங்கிக்கொண்டிருக்கிறது.

மலாக்காவின் காஜா பெராங்கில் வேலை தேடிப் போகிறவர்கள் யாராக இருந்தாலும் இந்தக் கதவைத் தட்டாமல் போவதில்லை. கருணாகரனுக்குக் கட்டை குட்டையான உருவம், எண்ணெய் வழியும் தலை, வீட்டில் கைலி, வெளியே கஞ்சி போட்ட வெள்ளைக் கால்சட்டை. தோட்டக் கம்பெனி ஒன்றின் மலாக்கா அலுவலகத்தில் இருபது வருஷத்துக்கு மேல் கிராணி என்கிற குமாஸ்தா வேலை பார்த்து, இரண்டாம் கிராணி வரை வந்தவர். வேலையில் எப்படிச் சேர்வது, சேர்ந்த இடத்தில் எப்படி ஒட்டிக்கொள்வது, பக்கத்து மேசைக்காரரோடு சண்டை வந்தால் யார் முதலில் கோப்பி வாங்கிக் கொடுப்பது, எல்லாவற்றுக்கும் அவரிடம் வழி உண்டு. கூலி எதுவும் வாங்கமாட்டார். கேட்டுக்கொண்டிருந்தால் போதும், அதுவே அவருக்குச் சாப்பிட்ட மாதிரி.

அவருடைய வித்தையிலேயே பெரிய வித்தை ஒன்று உண்டு. “தொரைய ‘சௌக்கியமா’ன்னு கேக்காத. அவரோட நாய் சௌக்கியமான்னு கேளு.” இதை அவர் சும்மா சொல்லவில்லை. கம்பெனி துரையிடம் பழுப்பு நிறத்தில் ஒரு நாய் இருந்தது. தினமும் காலையில் துரையின் அறைக்குப் போனதும் கருணாகரன் முதலில் நாயைத்தான் விசாரிப்பார். நேற்று ஒழுங்காகச் சாப்பிட்டதா, மழையில் நனைந்ததே, தும்மல் வந்ததா. நாய் செத்துப்போன அன்று கையில் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு அலுவலகம் போனார். கமலவேணியின் சித்தப்பா செத்ததற்குக்கூட அவர் அப்படிக் கட்டியதில்லை. அடுத்த மாதமே மூன்றாம் கிராணி இரண்டாம் கிராணி ஆனார். இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? போன வருஷம் பக்கத்து வீட்டுக் கோகிலா ஒரு ஆஸ்பத்திரியில் ஆயா வேலைக்குப் போனபோது, பெரிய தாதியின் பூனையை விசாரித்து வேலையோடு திரும்பினாள். அதன் பிறகு கருணாகரனின் புகழ் தெங்கேரா வரை பரவிவிட்டது.

கேட்டவர்களுக்குச் சொல்வதோடு அவர் நிறுத்திக்கொண்டிருக்கலாம். ஹனீபா நானாவின் கோப்பிக் கடையில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒருவர் மூலையில் வந்து உட்காருவார். நெற்றியில் திருநீறு, இடுப்பில் சரோங், பேச்சு முழுக்க மலாய். தலைமுறை தலைமுறையாக மலாய் பேசியே பழகிய மலாக்காத் தமிழர்களான கம்பத்துச் செட்டிகளில் ஒருவர் என்று பார்த்தாலே தெரியும். பெயர் என்ன, தொழில் என்ன என்றெல்லாம் கருணாகரன் கேட்டுக்கொண்டதில்லை. வருகிறவர் யாரிடமும் பேசாமல், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கோப்பி குடிப்பார். கருணாகரனுக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்து, “இப்படி முகத்தை வைத்துக்கொண்டிருந்தால் உங்களுக்கு யார் வேலை கொடுப்பார்கள்?” என்று மலாயில் கேட்டு, மேல்வரிசைப் பற்களை எப்படிக் காட்டுவது என்று செய்தும் காட்டினார். அந்த மனிதர் கோப்பியை முடித்துவிட்டு எழுந்து போய்விட்டார். “கத்துக்குவாரு, நாளாகும்” என்றார் கருணாகரன்.

இப்படி ஊருக்கெல்லாம் வேலைக்கு வழி சொன்னவருக்கு இப்போது வேலை இல்லை. மெர்டேக்கா என்ற சுதந்திர முழக்கம் ஓய்ந்த சில மாதங்களில் கம்பெனி தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுவிட்டது. துரை கப்பலேறினார். அலுவலகத்துக்குப் பூட்டுப் போட்டார்கள். கருணாகரன் வீட்டுக்கு வந்து, “நல்லதாப் போச்சு” என்றார். சைக்கிள் பஞ்சரானாலும், கூரை ஒழுகினாலும் அவருக்கு நல்லதாகத்தான் போகும். கமலவேணிக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

போதாக்குறைக்கு அவளுடைய அண்ணன் மாணிக்கவாசகம் ஈப்போவிலிருந்து சொல்லி அனுப்பியிருந்தார். இந்த மாதத்துக்குள் மாப்பிள்ளைக்கு வேலை கிடைக்காவிட்டால் குடும்பத்தோடு வந்துவிட வேண்டும், மளிகைக் கடையில் உட்கார்ந்துகொள்ளலாம். சோற்றுக்குப் பஞ்சமில்லாத வீடுதான். ஆனால் அங்கே புத்தி சொல்லும் உரிமை மச்சான் ஒருவருக்கே உண்டு. பத்திரிகையைச் சாப்பாட்டு வேளையில் சத்தமாகப் படித்து, ஒவ்வொரு செய்திக்கும் விளக்கம் சொல்வார். குறுக்கே பேசினால் முதலிலிருந்து படிப்பார். காலம் பூராவும் வாயை மூடிக்கொண்டு மச்சான் வீட்டுச் சோற்றைத் தின்பதை நினைத்தால் கருணாகரனுக்குக் கை கால் சில்லிட்டுப் போகும். அதை மட்டும் நல்லதாகப் போனதாக அவரால் சொல்ல முடியவில்லை.

அப்போதுதான் தெங்கேரா சாலையில் ரப்பர் வாங்கி விற்கும் புதிய அலுவலகத்தில் கணக்குக் கிராணி வேலை ஒன்று காலி என்று செய்தி வந்தது. ஒரே ஓர் இடம். கருணாகரனும் போகிறார், அதே கம்பெனியில் பக்கத்து மேசையில் இருந்த தேவதாஸும் போகிறார், இன்னும் மூன்று பேரும் போகிறார்கள். வேறு யாராவது இருந்தால் போட்டிக்காரர்களிடம் தொழில் ரகசியத்தைச் சொல்வார்களா? கருணாகரன் நாலு பேரையும் வீட்டுக்கு அழைத்து, கதவைத் தட்ட வைத்து, நாயை விசாரிக்க வைத்தார். துரை என்றால் வெள்ளைக்காரர்தான், வெள்ளைக்காரர் என்றால் நாய் இருக்கும். இதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. இன்னொன்றும் சொல்லிக் கொடுத்தார். உள்ளே என்ன நடந்தாலும் வெளியே சிரித்துக்கொண்டே வரவேண்டும். அதைப் பார்த்து அடுத்து உள்ளே போகிறவனுக்குத் தெம்பு வரும்.

நேர்காணல் அன்று முதல் ஆளாகப் போய்ச் சேர்ந்தவர் கருணாகரன். ஆனால் மற்றவர்களை முன்னால் அனுப்பிவிட்டுக் கடைசியில் நின்றார். “கடைசியாப் போற மொகந்தான் மனசுல நிக்கும்” என்பது இன்னொரு சூத்திரம். பொன்னுதுரை போனார், சிரித்துக்கொண்டே வந்தார். அப்துல் போனார், சிரித்துக்கொண்டே வந்தார். கலியாணசுந்தரம் வெளியே வந்தபோது கண் கலங்கியிருந்தது, பற்கள் மட்டும் ஒழுங்காக இருந்தன. தேவதாஸ் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எல்லாம் பிரமாதமாகப் போகிறது என்று கருணாகரன் பூரித்துப் போனார்.

அவர் முறை வந்தது. இரண்டு தட்டு, ஒரு மூச்சு. “மாசோக்” என்று, உள்ளே வரச்சொல்லி மலாயில் குரல் வந்தது. வெள்ளைக்காரர் மலாய் பழகுகிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே முகத்தை முதலில் உள்ளே நீட்டினார். முகம் உள்ளே போனது, கால் வர மறுத்துவிட்டது. மேசைக்குப் பின்னால் ஹனீபா கடை மூலையில் கோப்பி குடிக்கும் மனிதர் உட்கார்ந்திருந்தார். நெற்றியில் அதே திருநீறு. சரோங்குக்குப் பதில் கால்சட்டை, கழுத்தில் டை. மேசைமேல் இருந்த பலகையில் தம்பிராஜா, நிர்வாகி என்று எழுதியிருந்தது.

“உட்காருங்கள்” என்றார் தம்பிராஜா. பேச்சு மலாயில்தான் நடந்தது, தமிழில் சொன்னால் இப்படித்தான் வரும். “காலையிலிருந்து நாலு பேர் வந்தார்கள். நாலு பேரும் என் நாய் நலமா என்று கேட்டார்கள். எனக்கு நாய் கிடையாது. அதைச் சொன்னேன். ஒருவர் நாய் செத்துவிட்டதென்று நினைத்து எழுந்து நின்று அனுதாபம் சொன்னார். இன்னொருவருக்குக் கண்ணீரே வந்துவிட்டது. இவர்களுக்கு யார் இதைச் சொல்லிக் கொடுத்தது?”

கருணாகரன் நினைத்திருந்தால் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். “நான்தான்” என்றார்.

“அப்படித்தான் நினைத்தேன்” என்றார் தம்பிராஜா. அவர் முகம் கோப்பிக் கடையில் இருந்த மாதிரியே இருந்தது. “ஒரு கேள்வி. நீங்களும் தேவதாஸும் ஒரே அலுவலகத்தில் பக்கத்துப் பக்கத்து மேசை என்று அவர் சொன்னார். கணக்குப் பார்த்தது யார்?”

ஈப்போ வீட்டுச் சாப்பாட்டு மேசை கருணாகரன் கண்முன் வந்து நின்றது. மச்சான் பத்திரிகையை விரிக்கிற சத்தம்கூடக் கேட்டது. இரண்டு பேரும்தான் என்று சொன்னால் முழுப்பொய் ஆகாது, கூட்டலைச் சில சமயம் அவரும் சரிபார்த்ததுண்டு. ஆனால் மாதக் கடைசிகளில் அவர் துரை அறையில் நின்று நாயைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த நேரமெல்லாம் தேவதாஸ் குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார். எழுதி முடித்ததை இவர் பக்கம் தள்ளுவார். இவர் அதை எடுத்துக்கொண்டு சிரித்த முகமாக உள்ளே போவார். முகம் முதலில், காகிதம் பிறகு என்று இத்தனை வருஷம் ஊருக்குச் சொன்னாரே, அந்தக் காகிதம் பூராவும் தேவதாஸ் எழுதியது. அது இப்போதுதான் அவருக்கே உறைத்தது, வெட்கமாகவும் இருந்தது.

“தேவதாஸ் பார்த்தார்” என்றார். “நான் அதை உள்ளே எடுத்துக்கொண்டு போவேன்.”

“அவ்வளவுதானா?”

“போகிற வழியில் கொஞ்சம் பேசுவேன்.”

தம்பிராஜா முதல் தடவையாகச் சிரித்தார். மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தார். மேல்வரிசை, கீழ்வரிசை இரண்டுமே தெரிந்தன. ஆனால் சிரித்து முடித்த பிறகு, இருப்பது ஒரே இடம்தான், அது தேவதாஸுக்குத்தான் என்று தயங்காமல் சொல்லிவிட்டார். வேறு எங்காவது காலி என்று காதில் விழுந்தால் ஹனீபா கடையில் சொல்வதாகவும் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் கருணாகரன் நடந்ததை ஒன்று விடாமல் கமலவேணியிடம் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். “எங்க, நல்லதாப் போச்சுன்னு சொல்லுங்களேன் பாப்போம்” என்றாள். அவர் கஞ்சி போட்ட கால்சட்டையை மடித்துக் கொடியில் போட்டார். அவள் மேற்கொண்டு ஏசவில்லை. ஈப்போ போவதற்காகப் பரண்மேல் கிடந்த தகரப் பெட்டியை இறக்கித் தூசி தட்டினாள். அன்றைக்கு அவர் தட்டில் மட்டும் இரண்டு பொரித்த மீன் விழுந்தது.

திங்கட்கிழமை காலை. கருணாகரன் கைலியோடு கிணற்றடியில் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது வாசலில் சைக்கிள் மணி கேட்டது. கஞ்சி போட்ட சட்டையும் டையுமாகத் தேவதாஸ் நின்றிருந்தார். வேலை எப்படி அவருக்குக் கிடைத்தது என்பது அவருக்குத் தெரியாது, கருணாகரனும் சொல்லியிருக்கவில்லை. அவர் முகம் வெளுத்திருந்தது.

“கருணா, அவருகிட்ட நான் என்னாத்தப் பேசறது? அவருக்கு நாயும் இல்லியே.”

கருணாகரன் வாயைத் திறந்தார். வழக்கமாக அந்த வாயைத் திறந்தால் யோசனை தானாகக் கொட்டும். இன்றைக்கு வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, “ஒண்ணும் பேசாத. கணக்கப் பாரு” என்றார்.

“கணக்குக் கெடக்குது, அது வந்துரும். காலுதான் வரமாட்டேங்குது. ரெண்டு தடவ மிதிச்சேன், ரெண்டு தடவயும் வேலியில போயி மோதிட்டேன்.”

உள்ளே கமலவேணி பெட்டியில் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். கருணாகரன் ஒரு கணம் அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு கைலியை முழங்காலுக்கு மேல் தூக்கி இறுக்கிக் கட்டிக்கொண்டார். தேவதாஸின் கையிலிருந்து சைக்கிளை வாங்கித் தெங்கேரா பக்கம் திருப்பி நிறுத்தி, முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, பின்னாலிருந்த கேரியரின் தூசியை உள்ளங்கையால் துடைத்துவிட்டார்.