கிரிகரி அண்ணனின் கரகரக் குரல்

ஒரு வெள்ளிக்கிழமை எனக்கு என் மேலேயே அருவருப்பு வந்தது. அதைச் சொல்லுமுன் கிரிகரி அண்ணன் யார் என்று சொல்லிவிடுகிறேன்.

பிறந்தது கிள்ளானில், ரயில்வே குவார்ட்டர்ஸில். பதினொரு வயதில் கண்ணில் பிரஷர் ஏறி இரண்டு கண்ணும் போயின. டெலிபோன் வேலை கற்றுக்கொண்டார். ஐம்பத்து மூன்று வயதாகியும் பிரிக்பீல்ட்ஸ் ஃபிளாட்டிலிருந்து தனியாகக் கிளம்பி, ரயில் ஏறி போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் இருக்கும் எங்கள் ஆபீஸுக்கு வருகிறார். பார்வையற்றவர்கள் நடப்பதற்கென்று பதித்த மஞ்சள் கல்லின் மேலேயே மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு ரொட்டி சானாய் தின்னப் போகும் ஜென்மங்கள் பிரிக்பீல்ட்ஸில் நிறைய உண்டு. அவர் தடியால் தட்டிச் சுற்றிப் போய்விடுவார். கேட்கும் எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

எங்களுடையது லோரி கம்பெனி. கண்டெய்னர் எடுக்க வரும் டிரைவர்கள் போன் அடித்து, பெட்டி எண்ணில் கடைசி நான்கை மட்டும் சொல்வார்கள். எந்த கேட், எத்தனை மணி, பேப்பர் முடிந்ததா என்று அண்ணன் சொல்ல வேண்டும். வலது காதில் டிரைவர், இடது காதில் கணினி. திரையில் உள்ளதைப் படித்துக் காட்டும் அவருடைய மென்பொருள் ஒரு பெண்டிரைவில் இருந்தது. இலவசம். எங்கெங்கோ இருக்கும் ஆட்கள் சேர்ந்து எழுதியது, யார் வேண்டுமானாலும் திறந்து பார்த்துத் திருத்தலாம். தமிழும் படிக்கும். 'கிள்ளான்' என்ற பெயரை அது கடித்துக் குதறுகிறது என்று அண்ணன் ஒரு முறை மின்னஞ்சல் போட்டார். முகம் தெரியாத ஒருவர் பத்தே நாளில் சரிசெய்து அனுப்பிவிட்டார்.

"பாத்தியா வள்ளி, இந்த ஆபீஸ்ல ஒரு பல்பு மாத்த ரெண்டு மாசம் ஆவுது" என்று சிரித்தார்.

அந்த மென்பொருளின் குரல் என்னவோ கரகரதான். வேகமோ பயங்கரம். பக்கத்து மேசையில் எட்டு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். எப்போதாவது ஸ்பீக்கரில் ஓடவிட்டால் ஒரு சொல்கூட எனக்குப் பிடிபடாது. அவருக்கு அதுதான் கண். டிரைவர் எண்ணைச் சொல்லி மூச்சு விடுவதற்குள் பதில் போய்விடும்.

போன வருடம் குகன் மேனேஜராக வந்தார். பணக்காரர்கள் வாழும் பங்சார்க்காரர். பெயர் மட்டும்தான் தமிழ், ஒரு வரி தமிழ் புரியாது. இலவசமாகக் கிடைப்பதில் வைரஸ் இருக்கும் என்று பெண்டிரைவுக்குத் தடை போட்டார். அதற்குப் பதில் கம்பெனி ஆண்டு விழாவில் அண்ணனுக்குப் புது மென்பொருள் அன்பளிப்பு! மேடை, மாலை, ரிப்பன் கட்டிய பெரிய பெட்டி. பெட்டிக்குள் ஒன்றும் இல்லை. மென்பொருளுக்கு எதற்குப் பெட்டி? போட்டோவுக்குத்தான். வெறும் பெட்டியை அணைத்துக்கொண்டு நிற்கச் சொன்னார்கள், நின்றார். நாங்கள் எல்லோரும் கைதட்டினோம். வெட்கங்கெட்ட கூட்டம்.

புதுக் குரல் தேனாக இருந்தது. ஒவ்வொரு எண்ணையும் கொஞ்சிக் கொஞ்சிச் சொல்லும். வேகம் கூட்ட வழியில்லை. இணையம் நின்றால் ஊமை. தமிழ் அறவே கிடையாது. மூன்றாம் நாளே லோரிகள் கேட்டுக்கு வெளியே வரிசைகட்டின.

"என்னண்ணே, தூங்கிட்டீங்களா?" என்று டிரைவர்கள் போனில் கத்தினார்கள்.

அதுவரை ஒரு புகார்கூட வராத மனிதருக்கு ஒரே மாதத்தில் இரண்டு எச்சரிக்கைக் கடிதங்கள். அவற்றையும் அந்தத் தேன் குரலே அவருக்குப் படித்துக் காட்டியது. மூன்றாவது வந்தால் வேலை போய்விடும். மகள் நடாலி கல்லூரியில் கடைசி வருடம். இந்த வயதில் அவரை வேறு யார் எடுப்பார்கள்?

அண்ணன் குகன் அறைக்குப் போனார், துணைக்கு நானும் போனேன். கணினிப் பிரிவு ஆளை வைத்தே சோதித்துவிட்டு, பத்து நிமிடம் பெண்டிரைவைப் போட விடுங்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். சோதித்தார்கள், வைரஸ் எதுவும் இல்லை. ஸ்பீக்கரில் முப்பது பெட்டிகளின் கடைசி நான்கு எண்கள் கடகடவென்று ஓடி முடிந்தன. அண்ணன் ஒன்று விடாமல் வரிசையாகத் திருப்பிச் சொன்னார்.

குகன் வாயைப் பிளந்தார். "அமேசிங் லா! ஒன் மோர் டைம். வள்ளி, டேக் வீடியோ."

முடியாது என்று சொல்ல எனக்கு நேரம் இருந்தது. சொல்லவில்லை, எடுத்தேன்.

பெண்டிரைவ் திரும்பக் கிடைத்தது, ஒரு நிபந்தனையோடு. வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் வரும்போதெல்லாம் ஸ்பீக்கரில் போட்டு இந்த வித்தையைக் காட்ட வேண்டுமாம். அண்ணன் பெண்டிரைவை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு, "ஓகே பாஸ்" என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை ஆறு பேர் வந்தார்கள், ஒருவருக்கும் தமிழ் தெரியாது. மிருகக்காட்சி சாலையில் நிற்பதுபோல் அவருடைய மேசையைச் சுற்றி நின்றார்கள். நான் வீடியோ எடுக்கப் போனைத் தூக்கிப் பிடித்தேன். அண்ணன் எதையோ தட்டச்சு செய்துவிட்டுப் பொத்தானை அழுத்தினார். கரகரக் குரல் பாய்ந்து ஓடி நின்றது. வந்தவர்கள் கைதட்டினார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. வேகத்தைக் குறைத்துக் குறைத்து, சாதாரண மனிதர் பேசும் அளவுக்குக் கொண்டுவந்து, அதையே மறுபடி ஓடவிட்டார். இந்த முறை எனக்கு ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது.

"கொரங்கு நான். ஆட்டி வைக்கிறவன் பக்கத்துல நிக்கிறான். பாக்க வந்ததுங்க ஆறு. எட்டு வருசமா ஒண்ணா சோறு தின்ன வள்ளி வீடியோ புடிக்கிறா."

வந்தவர்கள் இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். குகன் என் பக்கம் குனிந்து, அது என்ன சொல்கிறது என்று கேட்டார்.

"தேங்க்யூ சொல்லுது பாஸ்" என்றேன், போனைக் கீழே இறக்காமல்.