பெருங்காய மோர்

ஏலத்தோட்டத்தில் காயெடுக்க ஜீப்பில் போகும் பொன்னுமணிக்குப் போடிமெட்டு ஏறும்போதே வயிறு கலங்கிவிடும். செடி மறைவில் ஒதுங்கி ஒதுங்கித் தன் உடம்பின் மேலேயே அவளுக்கு அருவருப்பு.

கோதுமையும் மைதாவும் ஆகாத சீலியாக் நோய் என்று டாக்டர் சொன்ன பிறகு புரோட்டா, பன் எதையும் அவள் தொடவில்லை. ஆனாலும் வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. கலங்கும்போதெல்லாம் புருஷன் சுருளி மோரில் பெருங்காயம் கரைத்து நீட்டுவான். அந்த வீச்சத்துக்கே குமட்டும். மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பாள்.

இன்று காலை பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பார்த்தாள். மைதா சேர்த்தது என்று அச்சடித்திருந்தது.

"இந்தா புள்ள, வெரசா குடி" என்று டம்ளரோடு வந்தான் சுருளி.

வாங்கிச் சாக்கடையில் ஊற்றினாள்.

"மருந்துன்னு நீ குடுத்த கருமந்தாய்யா இம்புட்டு நாளா என்னையப் பாடாப்படுத்துது. சீ! கையக் கழுவிட்டு வந்து சோத்துப் பானையத் தொடு."