ஹில்டாவின் ஜன்னலுக்காக ஒரு தீர்மானம்

எங்கள் ஹாத்தர்பி கிராமத்தில் டெஸ்மண்ட் ஒலர்ட்டன் யார் மீதாவது புகார் எழுதாத வாரம் கிடையாது. பஸ் கம்பெனியில் நேர அட்டவணை போட்டு ஓய்வு பெற்றவர். இப்போது ஊர் சபைத் தலைவர். யார் வீட்டு வேலி ஓர் அங்குலம் உயர்ந்தாலும் அளவு நாடாவோடு வந்து நிற்பார்.

ட்ரெவர் அனுமதி வாங்காமல் கார் கொட்டகைக்கு மேல் மாடி எழுப்பியது அவருக்கு அல்வா சாப்பிட்ட மாதிரி. ட்ரெவருக்குப் பக்கத்து வீட்டு ஹில்டாவின் சமையலறைக்கு வெயில் நின்றுபோனது. எழுபத்தெட்டு வயது, தனியாள். டெஸ்மண்ட் மாவட்ட கவுன்சிலுக்குப் பதினொரு கடிதம் போட்டார். விசாரித்துக்கொண்டே இருக்கிறோம் என்றார்கள்.

அடுத்தது, கவுன்சில்கள் மீதான புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பாளர்தான். தனியாள் எழுதினால் மதிக்க மாட்டார்கள் என்று ஊர் சபையைக் கூட்டினார். தேநீர், பிஸ்கட், முன்மொழிவு, வழிமொழிவு. உறுப்பினர்கள் ஏழு பேரும் கை தூக்கினோம். நான் வீட்டுக்குப் போகும் அவசரத்தில் தூக்கினேன்.

குறைதீர்ப்பாளர் அலுவலகம் மரியாதையாகக் கைவிரித்தது. ஊர் சபையும் அரசு அமைப்புதான், அதன் புகாரை எடுக்க முடியாதாம். டெஸ்மண்ட் தன் பெயரில் எழுதினார். உங்கள் வீடு அரை மைல் தள்ளியிருக்கிறதே, உங்களுக்கு என்ன பாதிப்பு என்று கேட்டார்கள். தூக்கம் போச்சு என்று எழுதிப் பார்த்தார், எடுபடவில்லை. பாதிக்கப்பட்டவர் எழுதலாம், இல்லாவிட்டால் அவர் சம்மதத்தோடு இன்னொருவர் எழுதலாம் என்று பதில் வந்தது.

ஹில்டாவிடமே போய்க் கேட்க வேண்டுமே என்று மனிதருக்கு வியர்த்துவிட்டது. ஹில்டாவின் கோழிக் கூண்டு அளவுக்கு மீறியது என்று ஆறு வருஷம் முன்பு புகார் கொடுத்து அகற்றவைத்தவரே இவர்தான். அன்றைக்கு மட்டும் கவுன்சில் பத்தே நாளில் ஓடிவந்தது. ஹில்டா வீட்டுக்குத் துணையாக என்னை இழுத்துக்கொண்டு போனார்.

காலை பதினொரு மணிக்கும் சமையலறையில் விளக்கு எரிந்தது. டெஸ்மண்ட் அங்கே கால் வைப்பது அதுவே முதல்முறை. படிவத்தை நீட்டினார். பாதிப்பு என்ன என்ற கட்டம் முழுக்க விதி எண்களால் நிரப்பியிருந்தார்.

"ரெண்டு வருஷமா என் ஜன்னலுக்காகச் சண்டை போடுறீங்களாமே, தலைவரே," என்றார் ஹில்டா. "ஜன்னல்காரிகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"தப்புதான் ஹில்டா. கோழி விஷயமும் தப்புதான்."

"கோழியெல்லாம் செத்தே போச்சு. பேனாவைக் கொடுங்க."

விதி எண்களை அடித்துவிட்டு ஹில்டா ஒரே வரி எழுதினார்: பகலிலும் விளக்கு போட்டால்தான் என் கை எனக்குத் தெரிகிறது. தன் பெயரிலேயே அனுப்பினார்.

ஆறு மாதம் கழித்து முடிவு வந்ததைக் கேள்விப்பட்டு டெஸ்மண்ட் ஓடினார், பின்னாலேயே நானும். கவுன்சில் இழுத்தடித்தது தவறு, ஹில்டாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று குறைதீர்ப்பாளர் சொல்லிவிட்டாராம். மாடியை இறக்கச் சொல்லி ட்ரெவருக்கு நோட்டீஸும் போய்விட்டதாம். கடிதத்தைக் கொடுங்கள், படித்துப் பார்க்கிறேன் என்று டெஸ்மண்ட் கை நீட்டினார்.

"இது எனக்கு வந்தது," என்றார் ஹில்டா. "உக்காருங்க, நான் படிக்கிறேன்."

ஹில்டா தன் பெயர் வந்த வரியை மட்டும் மூன்று முறை படித்தார். டெஸ்மண்ட் ஒரு தடவைகூடக் குறுக்கிடவில்லை.