மாட்டாத விரால்

தொண்ணூறுகளின் கடைசியில், நாங்கள் கீழப்பழுவூரில் இருந்தபோது, அப்பா சுண்ணாம்புக்கல் லாரியிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்துவிட்டார். கட்டுப் போட வந்த வைத்தியர், விரால் மீன் குழம்பு வைத்துக் கொடுத்தால் எலும்பு சீக்கிரம் கூடும் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று சாயங்காலமே அம்மா பரணிலிருந்து தாத்தாவின் தூண்டிலை இறக்கினாள்.

அம்மாவின் அப்பா ஊட்டிப் பக்கம் ஒரு வெள்ளைக்காரத் துரையிடம் வேலை பார்த்தவர். துரை ஊருக்குக் கிளம்பும்போது அவரிடம் கொடுத்துவிட்டுப் போன தூண்டில் அது. மூங்கிலை மெல்லிய பட்டைகளாகச் சீவி ஒட்டி, வார்னிஷ் பூசியிருந்தார்கள். நடுவில் பித்தளைப் பூண். இதற்குப் புழு வேண்டாம். முள்ளில் கோழி இறகைப் பூச்சி மாதிரி கட்டிவிட்டால் போதும். தாத்தா இறந்ததும் மாமாக்கள் வீட்டையும் மாடுகளையும் பிரித்துக்கொண்டார்கள். யாருக்கும் வேண்டாத இது அம்மாவுக்கு வந்தது.

சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை முடிந்து வந்து, அப்பாவைப் புரட்டித் துடைத்து, துணி மாற்றி, கஞ்சி கொடுத்த பிறகு அம்மா ஏரிக்குப் போவாள். பொழுது சாய்ந்து வெறுங்கையோடு திரும்புவாள்.

"மாட்டுச்சா?" என்பார் அப்பா.

"இல்லீங்க."

இதற்கு மேல் பேச இருவருக்கும் தெம்பு இருக்காது. எனக்கோ எரிச்சலாக வந்தது. என் வகுப்புப் பையன்கள் வேலிக்கருவைக் குச்சியில் நூலைக் கட்டியே கெண்டை பிடித்தார்கள்.

ஒருநாள் நானும் கூடப் போனேன். வழியெல்லாம் இடுப்பைப் பிடித்துக்கொண்டே நடந்த அம்மா, முழங்கால் தண்ணீரில் இறங்கியதும் நிமிர்ந்து நின்றாள். அவள் வீசிய நூல் பின்பக்கம் நீளமாகப் பறந்து, காற்றில் ஒரு கணம் நின்று, முன்னால் போய் அல்லி இலைகளுக்கு நடுவில் இறங்கியது. இறகு தண்ணீரைத் தொட்ட சத்தம்கூடக் கேட்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் அந்த இடம் குபுக்கென்று கலங்கியது. மூங்கில் வளைந்தது. அம்மா பதறாமல் இழுத்துக் கரையோரம் கொண்டுவந்தாள். என் கை நீளத்துக்கு ஒரு விரால். நான் பையை விரித்துக்கொண்டு ஓடினேன். அவள் குனிந்து, அதன் வாயிலிருந்து முள்ளைக் கழற்றி, தண்ணீரிலேயே விட்டுவிட்டாள்.

"ஏம்மா உட்ட? அப்பாவுக்கு வேணும்ல?"

"செத்த நேரம் இரு, போவலாம்" என்று மறுபடி வீசினாள்.

வீட்டில் அப்பா வழக்கம்போலக் கேட்டார். "இல்லீங்க" என்றாள் அம்மா. அவள் அடுப்படிக்குப் போனதும், நான் கட்டிலருகே நின்று நடந்ததையெல்லாம் சொன்னேன். எவ்வளவு பெரிய மீன் என்று கையை விரித்துக் காட்டினேன். அப்பா ஓட்டுக் கூரையைப் பார்த்தபடியே கிடந்தார்.

மறுநாள் அம்மா வேலையிலிருந்து வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். "இன்னிக்கு முடியலீங்க. போவல."

"போயிட்டு வா. இன்னிக்காவது மாட்டுதான்னு பாப்போம்" என்றார் அப்பா. பிறகு என் பக்கம் திரும்பி, "பாப்பா, அம்மாவுக்கு அந்தத் தூண்டில எடுத்துக் குடு" என்றார்.

முந்தின நாள் நான் சொன்னது அவர் காதில் சரியாக விழவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். அம்மா தெருமுனை தாண்டும் வரை பொறுத்திருந்து, அப்பாவின் காதருகே குனிந்து, எல்லாவற்றையும் இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னேன்.